பாபாசாகேப் ஏன் வக்கீல் ஆனார்?

தேர்வு முடிவுகள் வெளியாகும் மாதங்களில் எங்களிடம் வரும் மாணவர்கள் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான். சட்டம் படிக்க வேண்டும், எழுதவும் வேண்டும், பறை கற்றுக்கொண்டிருக்கிறேன், ஆவணப்படம் எடுக்க ஆசை, வீட்டிலோ குரூப் 4 எழுதச் சொல்கிறார்கள். இதில் எதைப் பிடிப்பது, எதை விடுவது? கேட்கிறவர்களில் பலர் தங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள். ஒரு முடிவு தப்பாகிப் போனால் தாங்கிக்கொள்ளச் சொத்தோ, சொந்தக்காரரின் கம்பெனியோ பின்னால் இல்லாதவர்கள். அதனால் இந்தக் கேள்வியை நாங்கள் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

இதற்கு ஊரில் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. 'மனசுக்குப் பிடித்ததைச் செய்' என்பது மேடைப் பேச்சாளர்களின் பதில். 'முதலில் ஒரு வேலை, மற்றதெல்லாம் அப்புறம்' என்பது வீட்டின் பதில். முதல் பதிலுக்கு அரிசி விலை தெரியாது. இரண்டாவது பதிலில் வரும் 'அப்புறம்' பலருக்கு வருவதே இல்லை. நம் வரலாற்றில் மூன்றாவதாக ஒரு பதில் இருக்கிறது. எல்லாத் துறைகளிலும் தீராத பசி கொண்ட ஒருவர், 1917 முதல் 1923 வரை முட்டி மோதி, கடைசியில் ஒரு தொழிலில் வந்து நின்ற கதை அது. அண்ணல் அம்பேத்கரைச் சட்டமேதை என்றே பழகிவிட்ட நாம், அவர் ஏன் சட்டத்துக்கு வந்தார் என்று கேட்டுப் பார்ப்பதில்லை.

தேர்ந்தெடுப்பதே ஒரு புதிய உரிமை

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் தாத்தாக்களுக்கு இந்தக் குழப்பம் வந்ததில்லை. வெட்டியான் மகன் வெட்டியான். பண்ணையாள் மகன் பண்ணையாள். செருப்புத் தைப்பவர் மகன் செருப்புத் தைப்பவர். அவர்களுக்கும் ஆசைகள் இருந்தன. 'உனக்கு என்ன பிடிக்கும்?' என்று கேட்பதற்கு ஆள் இல்லை.

லாகூர் மாநாட்டுக்காக எழுதி, மாநாடு ரத்தானதும் 1936-இல் தாமே அச்சிட்டு வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' நூலில் பாபாசாகேப் இந்த இடத்தைத்தான் தொடுகிறார். சாதி என்பது வேலைப் பிரிவினைதான் என்று வாதிட்டவர்களுக்கு, அது வேலை செய்பவர்களையே மேல் கீழாகப் பிரித்து வைக்கும் ஏற்பாடு என்று பதில் சொன்னார். அந்த ஏற்பாட்டில் ஒருவருடைய திறமைக்கும் விருப்பத்துக்கும் இடமே கிடையாது. பெற்றோரின் சமூக நிலையே பிள்ளையின் தொழிலைத் தீர்மானிக்கிறது. விருப்பமில்லாத வேலையில் கட்டிப்போடப்பட்டவரின் மனமும் மூளையும் அந்த வேலையில் இருக்காது என்று விளக்கினார்.

இது பழைய கதை என்று நினைத்துவிட வேண்டாம். 1953-இல் நம் சென்னை மாகாணத்தில், கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று ராஜாஜி ஒரு திட்டம் கொண்டுவந்தார். மக்கள் அதற்கு வைத்த பெயர் குலக்கல்வித் திட்டம். அதை எதிர்த்துச் சிறைக்குப் போனவர்களில், பின்னாளில் அமைச்சரான சத்தியவாணி முத்துவும் ஒருவர். 1954-இல் காமராசர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது. அது நிலைத்திருந்தால் இன்று எங்களிடம் இந்தக் கேள்வியோடு வரும் பிள்ளைகளில் எத்தனை பேர் வந்திருப்பார்கள்?

ஆகவே, பல ஆசைகள் இருப்பதைக் குறை என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. போராடி வாங்கிய உரிமை கைக்கு வந்ததன் அடையாளம் அது. அந்த உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

60 பாடங்கள் படித்தவர்

1913-இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் தந்த உதவித்தொகையில் அம்பேத்கர் நியூயார்க் போனார். மாதம் பதினொன்றரை பவுண்டு, 3 ஆண்டுகள். திரும்பி வந்து 10 ஆண்டுகள் பரோடா சமஸ்தானத்தில் வேலை செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் எடுத்துப் படித்த பாடங்களை ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பொருளாதாரத்தில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானுடவியலில் 4, அரசியலில் 3, பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் ஒவ்வொன்று. 1916 மே மாதம் மானுடவியல் கருத்தரங்கில் 'இந்தியாவில் சாதிகள்' என்ற கட்டுரையை வாசித்தபோது அவருக்கு வயது 25. அதே ஆண்டு லண்டனுக்குப் போய், பொருளாதாரப் பள்ளியிலும் கிரேஸ் இன் என்ற சட்டக் கழகத்திலும் ஒரே நேரத்தில் சேர்ந்தார்.

இன்றைய ஆலோசகர் யாரிடமாவது இந்தப் பட்டியலைக் காட்டினால், 'தம்பி, முதலில் ஒன்றில் கவனம் வை' என்றுதான் சொல்வார். ஆனால் இந்த 60 பாடங்களும் ஒரு கேள்வியைச் சுற்றியே நிற்பதாக நமக்குத் தோன்றுகிறது: இந்தச் சமூகம் ஏன் இப்படி இருக்கிறது, இதை எப்படி மாற்றுவது? பொருளாதாரம் அதற்கு ஒரு வாசல். வரலாறு இன்னொரு வாசல். உங்கள் ஆசைகளையும் அப்படி ஒருமுறை அடுக்கிப் பாருங்கள். வேறு வேறு திசையில் இழுப்பதாகத் தெரிபவற்றில் பாதி, ஒரே கேள்வியின் கிளைகளாக இருக்கலாம்.

ஒவ்வொரு கதவாகத் தட்டிய ஆண்டுகள்

உதவித்தொகைக் காலம் முடிந்ததால் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு 1917-இல் திரும்பினார். ஒப்பந்தப்படி பரோடாவில் மன்னரின் ராணுவச் செயலாளர் பதவி. அதற்குப் பிறகு நடந்ததை 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன்வரலாற்றுக் குறிப்புகளில் அவரே எழுதியிருக்கிறார். தங்க இடம் கிடைக்காமல் ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரோடு தங்கினார். 11-ஆம் நாள் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து அவரை வெளியேற்றியது. நண்பர்கள் இருவரின் வீட்டிலும் இடமில்லை. காமாட்டி பாக் என்ற பூங்காவில் 5 மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, இரவு ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார். அமெரிக்காவில் பொருளாதாரம் படித்துவிட்டு வந்தவருக்கு அந்த ஊரில் படுக்க ஒரு திண்ணை கிடைக்கவில்லை.

பம்பாயில் தனிப்பயிற்சி சொல்லிக் கொடுத்தார். பங்கு முதலீட்டு ஆலோசனை நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். ஆலோசகர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுவிட்டார்கள். 1918 நவம்பரில் சிடனாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியர் வேலை கிடைத்தது. மாதம் 450 ரூபாய். அக்காலத்தில் அது பெரிய சம்பளம். ஆசிரியர் அறையிலிருந்த தண்ணீர்ப் பானையை அவர் தொடக்கூடாது என்று சக பேராசிரியர்கள் சிலர் ஆட்சேபித்தார்கள். மாணவர்களோ அவர் வகுப்புக்குக் கூடினார்கள். படிக்கவும் கற்பிக்கவும் பிடித்த ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இருக்க முடியாது என்றுதான் நமக்குத் தோன்றும்.

அங்கேதான் ஒரு முடிச்சு விழுந்தது. 1920 ஜனவரி 31 அன்று 'மூக்நாயக்' என்ற மராத்தி இதழைத் தொடங்கினார். 'பேச்சற்றவர்களின் தலைவன்' என்று பொருள். இதழின் குரல் முழுக்க அவருடையது. ஆனால் ஆசிரியர் என்று அச்சான பெயர் வேறொருவருடையது. அம்பேத்கர் அப்போது அரசுக் கல்லூரியின் பேராசிரியர்.

ஒரு நல்ல வேலை, பிடித்த வேலை, குடும்பத்துக்குச் சோறு போடும் வேலை. ஆனால் பேச்சற்றவர்களுக்காகப் பேசும் இதழில் தன் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாத வேலை. 1920 மார்ச்சில் அந்த வேலையை விட்டார். சேமிப்பு, கோலாப்பூர் ஷாகு மகாராஜாவின் உதவி, பார்சி நண்பர் நாவல் பதேனாவிடம் வாங்கிய கடன் ஆகியவற்றோடு மீண்டும் லண்டன் போனார். விட்ட படிப்புகள் இரண்டையும் முடித்தார். பாரிஸ்டர் ஆனார். ரூபாயின் சிக்கலைப் பற்றிய ஆய்வுக்கு 1923-இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்டம் வந்தது.

சட்டம் கொடுத்தது என்ன

1923-இல் அவர் பம்பாய் திரும்பியபோது, மனம் எங்கே இருந்தது என்று பார்த்தால் பொருளாதாரம் என்றுதான் சொல்ல வேண்டும். அதில் உலகத்தரமான ஆய்வு கையில் இருந்தது. ஆனால் அவர் போய் நின்றது உயர் நீதிமன்றத்தில். வக்கீலாகப் பதிவு செய்யும் கட்டணத்துக்கே கடன் வாங்க வேண்டியிருந்தது. வழக்குகளும் எளிதில் வரவில்லை. சாதி பார்த்த சொலிசிட்டர்கள் அவரிடம் வழக்கைக் கொடுக்கத் தயங்கினார்கள். மாவட்ட நீதிமன்றங்களுக்கு அலைந்து சிறு வழக்குகளை நடத்தினார். வருமானம் போதாததால் 1925 முதல் 1928 வரை ஒரு கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் வணிகச் சட்டம் கற்பித்தார்.

பிறகு ஏன் அந்தத் தொழில்? பரோடாவையும் சிடனாமையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் நமக்குக் கிடைக்கும் விடை இதுதான். வக்கீலுக்கு மேலதிகாரி இல்லை. அவரை இடமாற்றம் செய்ய முடியாது, விளக்கம் கேட்டு மெமோ கொடுக்க முடியாது, ஊர் பேர் தெரியாத இடத்தில் தூக்கியடிக்க முடியாது. எந்த மேடையில் ஏறினாலும், எந்த இதழில் எழுதினாலும் மறுநாள் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு நீதிமன்றம் போகலாம். அவர் ஆசைகளில் பெரியது பொருளாதாரமாக இருக்கலாம். மற்ற ஆசைகளின் கழுத்தை நெரிக்காத தொழில் சட்டம்.

விளைவைப் பாருங்கள். 1926-இல் பிராமணரல்லாதார் இயக்கத் தலைவர்கள் மீது 'தேசாசே துஷ்மன்' என்ற நூலுக்காகத் தொடரப்பட்ட வழக்கில் அவர்களுக்காக வாதாடி வென்றார். 1927 மார்ச் 20 அன்று மகாடில் ஆயிரக்கணக்கான மக்களோடு சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீரைக் குடித்தார். சாதி இந்துக்கள் வழக்குப் போட்டார்கள். பிரதிவாதிகளில் அவரும் ஒருவர். அந்த வழக்கு 1937 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நம் பக்கம் முடிந்தது. 10 ஆண்டுகள் ஒரு குளத்துக்காக நீதிமன்றம் ஏறி இறங்க, அரசு ஊழியராக இருந்திருந்தால் அவரை விட்டிருப்பார்களா?

மகாடுக்கு அடுத்த மாதம், 1927 ஏப்ரல் 3 அன்று, 'பகிஷ்கிருத் பாரத்' இதழ் வந்தது. இந்த முறை ஆசிரியர் என்ற இடத்தில் அவர் பெயரே இருந்தது. மூக்நாயக்குக்கும் இதற்கும் நடுவில் கடந்த 7 ஆண்டுகளில் அவர் தேடிக்கொண்டது அந்த ஒரு வரியைத்தான் என்று சொன்னால் மிகையாகாது.

விட்டவை திரும்பி வந்தன, எல்லாம் அல்ல

சட்டத்தைப் பிடித்ததால் மற்றவை செத்துப் போகவில்லை. ஆசிரியப்பணி 1935-இல் திரும்பி வந்தது. பம்பாய் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வரானார். 1946-இல் மக்கள் கல்விக் கழகத்தின் வழியாகச் சித்தார்த்தா கல்லூரியையே தொடங்கினார். மாகாண நிதி பற்றி 1925-இல் நூல் எழுதிய பொருளாதார அறிஞர், அரசியல் சாசன வரைவுக்குழுவின் தலைவராக, மத்திய அரசும் மாநிலங்களும் வரியைப் பங்கிடுவது பற்றி விவாதித்தார். கடைசி ஆண்டுகளில் வயலின் கற்றுக்கொண்டார். வயலினால் எந்த வழக்கும் ஜெயிக்கவில்லை, அது அவருக்காக.

ஆனால் எல்லாமே திரும்பி வந்தது என்று சொன்னால் அது பொய். அவர் லண்டன் போயிருந்தபோது மூக்நாயக் தள்ளாடி நின்றுபோனது. ரூபாய் பற்றிய நூலை 1947-இல் மறுபதிப்பு செய்தபோது இரண்டாம் தொகுதி எழுதும் எண்ணம் இருந்தது, அது வரவேயில்லை. பணவியலில் அவர் எழுதியிருக்கக்கூடிய நூல்களை நாம் இழந்தோம். தேர்வு என்றால் இழப்பும் உண்டு.

அதைவிடப் பெரிய விலையை இன்னொருவர் கொடுத்தார். அவர் நியூயார்க்கிலும் லண்டனிலும் படித்த ஆண்டுகளில் ரமாபாய் பம்பாயில் வறுமையோடு குடும்பத்தை நடத்தினார். பிறந்த 5 பிள்ளைகளில் 4 பேர் சிறு வயதிலேயே இறந்தார்கள். 1935 மே மாதம் ரமாபாயும் போய்விட்டார். தலைவர்களின் விருப்பத் தேர்வுகளைக் கொண்டாடும்போது இந்தக் கணக்கையும் சேர்த்தே எழுத வேண்டும். 'என் கனவைத் துரத்துகிறேன்' என்று சொல்லும் தம்பிகள், அந்தக் கனவுக்கு வீட்டில் எந்த அக்காவின் படிப்பு நிற்கிறது, எந்த அம்மாவின் தாலிக்கொடி அடகுக்குப் போகிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தங்கைகளோ, விலை கொடுப்பவராக மட்டும் தங்களை ஒப்புக்கொடுக்கக் கூடாது.

நம் மண்ணில் நடந்தவர்கள்

பம்பாய்க்கு முன்பே நம் ஊரில் இதே சிக்கலைச் சந்தித்தவர்கள் உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் தமிழறிஞர், பௌத்தர், வரலாற்றை மாற்றி வாசித்தவர், இதழாளர். தொழில் என்று பார்த்தால் சித்த மருத்துவர். சிறுவயதில் திரு.வி.க.வுக்கு வைத்தியம் பார்த்தவர் அவர். 1907 ஜூன் 19 அன்று இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வெளிவந்தபோது அவருக்கு வயது 60-ஐத் தாண்டியிருந்தது. மருந்துப் பெட்டிக்கு மேலதிகாரி கிடையாது. எழுதியதற்காக எந்தத் துரையும் அவரை வேலையைவிட்டு நீக்க முடியாது.

இரட்டைமலை சீனிவாசன் நீலகிரியில் கணக்கராக இருந்தவர். சென்னைக்கு வந்து 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே முகப்பில் போட்ட துணிவு அது. 1900-இல் கடல் கடந்தார்; இதழ் நின்றது. தென்னாப்பிரிக்காவில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றி 1921-இல் திரும்பியவர், சட்டமன்றத்திலும், பிறகு அண்ணலோடு வட்டமேசை மாநாட்டிலும் நம் குரலானார். இடையில் 20 ஆண்டுகள் வேறு வேலை பார்த்தார் என்பதற்காக அவர் கதை முடிந்துவிடவில்லை. 22 வயதில் எடுக்கும் முடிவே வாழ்க்கையின் கடைசி முடிவு என்று பயப்படுகிறவர்கள் அவரை நினைத்துக்கொள்ளலாம்.

என். சிவராஜ் சென்னைச் சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தியபடியே அரசியலுக்கு வந்தார். 1942-இல் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் தலைவரானார். மருத்துவம், கணக்கு, சட்டம் என்று தொழில்கள் வேறு. கையில் ஒரு தொழிலும் வாயில் சொந்தக் குரலும் இருந்தது மூவருக்கும் பொது.

அப்படியானால் அரசு வேலை வேண்டாமா?

இதைப் படித்துவிட்டு, அரசு வேலைக்குப் போகாதே என்று நாங்கள் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் தெருவில் இன்று தளம் போட்ட வீடுகள் பல, இட ஒதுக்கீட்டில் வந்த ஒரு குரூப் 4 வேலையில், ஒரு ஆசிரியர் வேலையில் எழுந்தவை. அவற்றைக் கேவலமாகப் பேசும் உரிமை யாருக்கும் இல்லை. அரசு ஊழியர் நடத்தை விதிகள் கட்சி மேடையில் ஏற விடாது என்பதும் உண்மைதான்.

அந்த உண்மையிலிருந்தே ஒரு இயக்கத்தைக் கட்டியவர் கான்ஷிராம். பூனாவில் ராணுவ ஆய்வகம் ஒன்றில் வேலை பார்த்தவர்; அம்பேத்கர் பிறந்தநாள் விடுமுறை தொடர்பாக எழுந்த போராட்டத்துக்குப் பிறகு வேலையை விட்டு முழுநேர இயக்கத்துக்கு வந்தார். ஆனால் தன்னைப் போல எல்லோரும் ராஜினாமா செய்யுங்கள் என்று அவர் சொல்லவில்லை. 1978-இல் அவர் அமைத்த பாம்செஃப், வேலையில் இருக்கும் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மை ஊழியர்களின் அமைப்பு. மேடையேற முடியாதவர்கள் தங்கள் பணத்தையும் அறிவையும் நேரத்தையும் சமூகத்துக்குத் திருப்பிக் கொடுங்கள் என்றார். அந்த அடித்தளத்தின் மேல்தான் 1984-இல் பகுஜன் சமாஜ் கட்சி எழுந்தது.

ஒருவரே எல்லாமாக வேண்டிய கட்டாயம் அண்ணலுக்கு இருந்தது. இதழ் நடத்த, வழக்காட, புள்ளிவிவரம் தேட அன்று ஆட்கள் குறைவு. உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நீங்கள் விடும் ஆவணப்படத்தை எடுக்க உங்கள் வகுப்பிலேயே இன்னொருவர் இருக்கலாம். அவர் விடும் சட்டத்தை நீங்கள் படிக்கலாம்.

எனவே எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டு வருகிறவர்களிடம், 'எது உனக்கு ரொம்பப் பிடிக்கும்?' என்று நாங்கள் முதலில் கேட்பதில்லை. இந்த வேலை எத்தனை வருடத்தில் சோறு போடும், அதுவரை வீட்டில் யார் தாங்குவார்கள் என்று கேட்கிறோம். இந்த வேலையில் உன் வாயை மூடும் அதிகாரம் யாருக்கு இருக்கும், மூடச் சொன்னால் உன்னிடம் வேறு என்ன வழி இருக்கும் என்று கேட்கிறோம். விடப்போகிற ஆசையை அப்படியே தெருவில் போட்டுவிடாமல் யாரிடம் ஒப்படைக்கப் போகிறாய், எப்போது போய்த் திரும்ப வாங்கப் போகிறாய் என்று கேட்கிறோம். இந்த மூன்றுக்கும் எழுதி வைக்கும்படி ஒரு பதில் கிடைத்துவிட்டால், தேர்ந்தெடுத்தது சட்டமா, குரூப் 4-ஆ, கேமராவா என்பது அவ்வளவு பெரிய விஷயமாக இருக்காது. பதிலை ஒரு தாளில் எழுதுங்கள். கீழே உங்கள் பெயரையும் போடுங்கள்.